எழுவாய் இல்லாத மாற்றம்
பிங்க் புளொயிட் குழுவின் இரண்டாவது இசைத்தட்டு, 1967 – 1968

கலை வரலாற்றை எழுதுவோர் காலத்தைப் பகுத்து நோக்குவர். முற்காலம், பிற்காலம் என்றோ, தோற்றம், வளர்ச்சி, முதிர்ச்சி என்றோ பகுத்த பின்னர் எப்பகுதியிலும் அடங்காத ஆக்கங்கள் சில எஞ்சி நிற்கும். அவற்றை 'இடைமாறுகால ஆக்கங்கள்' என வழங்குதல் மரபு. வசதியான பெயர்தான், ஆயினும் அதனால் இரு தீங்குகள் விளைகின்றன. அவ்வாறு பெயர் பெற்ற ஆக்கம் முன்னையதன் எச்சமாகவும் பின்னையதன் முன்னறிவிப்பாகவும் மட்டுமே நோக்கப்படுகின்றது. தன்னளவில் அது யாது என்னும் வினா எழுவதில்லை. இது முதலாவது தீங்கு. 'மாறிற்று' என்னும் வினைக்குக் 'காலம்' எழுவாயாகிவிடுகின்றது. மாற்றியவர் எவர், அதற்கு விலை கொடுத்தவர் எவர் என்பன மறைந்துவிடுகின்றன. இது இரண்டாவது தீங்கு.

இவ்விரு தீங்குகளையும் விளங்கிக்கொள்வதற்கு இங்கிலாந்தின் றொக் இசை வரலாற்றிலிருந்து ஓர் எடுத்துக்காட்டினை ஆராய்தல் பயனுடையது. பிங்க் புளொயிட் என்னும் குழு 1968 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வெளியிட்ட 'ஏ சோசர்புல் ஒவ் சீக்றெற்ஸ்' என்னும் இசைத்தட்டே அது. 'ஒரு சிறுதட்டு நிறைய இரகசியங்கள்' என அப்பெயரைத் தமிழிற் கூறலாம். குழுவின் முதன்மைக் கலைஞர் ஒருவர் நீங்கிக்கொண்டிருக்க, மற்றொருவர் புகுந்துகொண்டிருந்த மாதங்களில் உருவான ஆக்கம் இது. நீங்கியவர், புகுந்தவர், எஞ்சியோர் மூவர் என ஐவரது கைகளும் பட்ட ஒரே இசைத்தட்டு என்ற வகையில் இக்குழுவின் ஆக்கங்களுள் இதற்குத் தனியிடம் உண்டு.

1. குழுவும் அதன் பாடலாசிரியரும்

பிங்க் புளொயிட் 1965 இல் இலண்டனிலே தோன்றிய குழு. றொஜர் வோற்றர்ஸ், நிக் மேசன், றிச்சட் றைற் ஆகிய மூவரும் றீஜன்ற் வீதிப் பொலிரெக்னிக்கிற் கட்டடக்கலை பயிலச் சேர்ந்த இடத்தில் அறிமுகமானவர்கள். நான்காமவர் சிட் பரற், கேம்பிறிட்ஜ் நகரிலிருந்து ஓவியம் பயில இலண்டனுக்கு வந்தவர். வோற்றர்சும் கேம்பிறிட்ஜிலே வளர்ந்தவர். இருவரும் ஒரே பாடசாலையிற் கற்றவர்கள். பிங்க் அன்டர்சன், புளொயிட் கவுன்சில் என்னும் அமெரிக்கக் கறுப்பினப் புளூஸ் இசைக் கலைஞர் இருவரின் முதற்பெயர்களை இணைத்துக் குழுவுக்குப் பெயரிட்டவர் பரற்றே.

1966 இன் இறுதியில் இலண்டனிலே திறக்கப்பட்ட யூ.எவ்.ஓ. என்னும் இரவுக் கழகத்தில் இக்குழு புகழ்பெறத் தொடங்கியது. வண்ண ஒளிகள் மேடையிற் படர, நீண்ட நேரம் கற்பனையாக வாசித்துச் செல்வது இவர்களது முறை. 1967 இன் தொடக்கத்தில் ஈ.எம்.ஐ. நிறுவனம் இவர்களை ஒப்பந்தம் செய்தது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் வெளிவந்த முதலாவது தனிப்பாடற் தட்டு பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் 20 ஆம் இடத்தையும், யூனில் வெளிவந்த இரண்டாவது தட்டு 6 ஆம் இடத்தையும் எய்தின. ஓகஸ்டில் வெளிவந்த 'த பைப்பர் அற் த கேற்ஸ் ஒவ் டோண்' என்னும் முதலாவது நீள் இசைத்தட்டும் 6 ஆம் இடத்தைப் பெற்றது.

அவ்விசைத்தட்டின் பிரித்தானியப் பதிப்பில் உள்ள 11 உருப்படிகளுள் 8 பரற் தனித்து இயற்றியவை. இரண்டு நால்வரும் சேர்ந்து ஆக்கியவை. வோற்றர்ஸ் இயற்றியது ஒன்றே. மேடையில் முன்னின்று பாடியவரும் கிற்றார் வாசித்தவரும் பரற்றே. கருநாடக இசைக் கச்சேரியிற் பாடகர் முதன்மை பெற ஏனையோர் பக்கவாத்தியக்காரராய் அமைவதை ஒத்த நிலை ஓரளவுக்கு இங்கும் நிலவியது எனலாம். ஆயின் முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. கச்சேரியிற் பாடகர் மாறினும் கீர்த்தனை மாறுவதில்லை; அது முன்னோர் இயற்றிய பொதுச்சொத்து. றொக் குழுவோ தன் பாடலைத் தானே இயற்றிக்கொள்ள வேண்டும் என்னும் வழக்கம் பீற்றில்ஸ் குழுவின் வெற்றியினால் நிலைபெற்றிருந்தது. எனவே பாடலாசிரியர் நீங்கின் குரல் மட்டுமன்றிப் பாட்டும் உடன் நீங்கிவிடும். 1967 இன் இறுதியில் இக்குழுவினை எதிர்நோக்கிய நெருக்கடியின் தன்மையை இவ்வேறுபாடு விளக்குகின்றது.

2. நெருக்கடியின் காரணங்கள்

1967 இன் நடுப்பகுதியிலிருந்து பரற்றின் நடத்தையில் மாற்றங்கள் தோன்றின. மேடையிலே வாசியாது நிற்றல், ஒரே சுரத்தை நெடுநேரம் மீட்டுதல், உரையாடலிற் பங்குபற்றாது வெறித்து நோக்குதல் என அவற்றைச் சக கலைஞர் பின்னாளிற் பதிவுசெய்துள்ளனர். நவம்பரிலே குழு முதன்முறையாக அமெரிக்கா சென்றபோது, தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றிற் கேட்கப்பட்ட வினாக்களுக்குப் பரற் மௌனத்தையே விடையாக அளித்தார். அப்பயணம் இடையிலே நிறுத்தப்பட்டது. திரும்பிய உடனேயே ஜிமி ஹென்றிக்ஸ் முதலியோருடன் பிரித்தானிய நகரங்களிற் சுற்றுப்பயணம் தொடங்கியது. நாளொன்றுக்கு இரு காட்சிகள். ஒவ்வொன்றிலும் இவர்களுக்குச் சில நிமிடங்களே. பரற் வராத வேளைகளில் வேறு குழுவொன்றின் கிற்றார்க் கலைஞர் அவரிடத்தில் நின்று வாசிக்க நேர்ந்தது. அதே நவம்பரில் வெளிவந்த மூன்றாவது தனிப்பாடற் தட்டு விற்பனைப் பட்டியலிற் சேரவேயில்லை.

இம்மாற்றத்திற்கு எல்.எஸ்.டி. என்னும் மருந்தின் மிகைப் பயன்பாட்டினைக் காரணமாகக் காட்டுதல் பெருவழக்கு. அம்மருந்தின் பங்கினை மறுத்தற்கில்லை. ஆயினும் அதனை மட்டும் கூறி அமைதல் ஏனைய காரணங்களை மறைத்துவிடும். ஓராண்டுக்குள்ளே மூன்று தனிப்பாடற் தட்டுகளும் ஒரு நீள் இசைத்தட்டும் வெளியிடப்பட்டன, இடையறாத பயணம், ஒவ்வொரு தட்டும் முன்னையதிலும் மேலாக விற்கவேண்டும் என்னும் எதிர்பார்ப்பு. இவை அனைத்தும் 21 வயது இளைஞர் ஒருவரின் ஆக்கத்திறனையே நம்பியிருந்தன. ஓவியம் பயின்ற ஒருவர் தாம் விரும்பிய வேளையில் ஒரு படத்தைத் தொடங்கவும் விரும்பாத வேளையிற் கைவிடவும் கூடும். இசைத்தட்டு வணிகமோ அவ்வுரிமையை அளிப்பதில்லை. பரற்றின் உள்ளம் உடைந்தமைக்கு இவ்வணிக முறையே காரணம் என்று கூறுவது மிகையாகலாம். உடைந்துகொண்டிருந்த உள்ளத்துக்கு அம்முறை ஓய்வளிக்கவில்லை என்பது மறுக்கமுடியாதது.

3. ஐவர் இருந்த சில வாரங்கள்

1967 டிசம்பரில் டேவிட் கில்மோரைச் சேர்த்துக்கொள்ளக் குழுவினர் தீர்மானித்தனர். கில்மோரும் கேம்பிறிட்ஜ் நகரத்தவரே. பரற்றின் இளமைக்கால நண்பர். இருவரும் ஒருங்கிருந்து கிற்றார் பழகியவர்கள். 1965 கோடையிற் பிரான்ஸ் நாட்டுத் தெருக்களில் ஒருங்கே பாடித் திரிந்தவர்கள். இவ்வாறு நண்பரின் இடத்தை நிரப்ப நண்பரே அழைக்கப்பட்டார்.

முதலிற் கொள்ளப்பட்ட திட்டம் பரற்றை நீக்குவதன்று. அமெரிக்கக் குழுவாகிய பீச் போய்சில் பிறையன் வில்சன் மேடையேறாது வீட்டிலிருந்து பாடல்களை இயற்றினார். அவ்வாறே பரற்றும் இயற்றுவார். மேடையிற் கில்மோர் வாசிப்பார் என எண்ணினர். 1968 ஜனவரியில் ஐவரும் சில மேடைகளில் ஒன்றாகத் தோன்றினர். ஒத்திகையொன்றிலே பரற் புதிய பாடல் ஒன்றைக் கற்பிக்க முனைந்ததாகவும், ஏனையோர் பின்பற்ற முனையுந்தோறும் அதன் அமைப்பினை மாற்றிக்கொண்டே சென்றதாகவும் கூறப்படுகின்றது. அது நகைச்சுவையா, நோயா, தம்மை மாற்றிவிட முனைந்தோருக்கு அளித்த விடையா என்பதை அன்று அவ்வறையில் இருந்தோராலும் பகுத்தறிய இயலவில்லை.

1968 ஜனவரி 26 ஆம் நாள் சவுதாம்ப்ரன் பல்கலைக்கழகத்தில் நிகழ்ச்சி. இலண்டனிலிருந்து புறப்பட்ட வாகனத்தில், வழக்கம்போற் பரற்றை ஏற்றிச் செல்வதா என்னும் பேச்சு எழுந்தது. வேண்டாம் என ஒருவர் கூறினார். வாகனம் நேரே சென்றது. கூட்டம் கூடித் தீர்மானம் எதுவும் நிறைவேற்றப்படவில்லை. கடிதம் எதுவும் எழுதப்படவில்லை. ஒரு வீதியில் திரும்பாது சென்றமையே ஒரு குழுவின் வரலாற்றைத் திருப்பியது.

பரற்றுடன் அப்போது ஒரே வீட்டில் வசித்தவர் றைற். நிகழ்ச்சிக்குப் புறப்படும்போது சிகரெற் வாங்கச் செல்வதாகப் பரற்றிடம் கூறிச் சென்றதை அவர் பிற்காலத்தில் வருத்தத்துடன் நினைவுகூர்ந்துள்ளார். மார்ச் மாதத்திற் கூட்டுரிமை கலைக்கப்பட்டது. ஏப்ரில் 6 ஆம் நாள் பரற் விலகியமை பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது.

இவ்விடத்துக் குழுவின் முகாமையாளர் இருவரது நிலைப்பாடும் நோக்கத்தக்கது. பீற்றர் ஜெனர், அன்றூ கிங் ஆகியோர் குழுவினரோடு சமபங்கு கொண்ட கூட்டாளிகள். பிரிவு நேர்ந்தபோது அவ்விருவரும் பரற்றின் பக்கமே சென்றனர். பாடல்களை இயற்றுபவர் எவரோ அவரே குழு. எஞ்சியோர் நிலைக்கமாட்டார் என்பது அவர்களது கணிப்பு. அன்றைய சான்றுகளை மட்டும் வைத்து நோக்கின் அக்கணிப்பு அறிவுக்குப் பொருந்தியதே. முடிவை அறிந்த பின் நோக்குவோருக்கே அது தவறாகத் தோன்றும். எஞ்சிய நால்வரும் வெற்றிபெறுவர் என்பதற்கு 1968 ஏப்ரிலில் எவ்வகை ஆதாரமும் இருக்கவில்லை. அம்மாதத்தில் றைற்றின் பாடலுடன் வெளிவந்த தனிப்பாடற் தட்டும் தோல்வியே கண்டது.

4. ஏழு உருப்படிகள்

இசைத்தட்டில் உள்ள உருப்படிகள் 7. வோற்றர்ஸ் இயற்றியவை 3. றைற் இயற்றியவை 2. நால்வரும் சேர்ந்து ஆக்கியது 1. பரற் இயற்றியது 1. முதலாவது இசைத்தட்டில் 8 பாடல்களை இயற்றியவருக்கு இரண்டாவதில் எஞ்சியது ஒன்றே. இவ்வெண்களே மாற்றத்தின் அளவினைக் காட்டப் போதுமானவை. ஒலிப்பதிவு 1967 ஓகஸ்டில் அபே றோட் கூடத்திலே தொடங்கி 1968 மே வரை இடைவிட்டு நிகழ்ந்தது. ஆகவே இத்தட்டின் பகுதிகள் சில பரற் இருந்த காலத்துக்கும், சில அவர் நீங்கிய காலத்துக்கும் உரியன. தயாரிப்பாளர் நோமன் சிமித். முன்னர்ப் பீற்றில்சின் ஒலிப்பதிவாளராய்ப் பணிபுரிந்தவர்.

றைற் இயற்றிய இரு பாடல்களும் இழந்துபோன குழந்தைப் பருவத்தைப் பொருளாகக் கொண்டவை. பொருளாலும் நடையாலும் அவை பரற்றின் முன்னைய பாடல்களையே பின்பற்றுகின்றன. அவற்றுள் ஒன்றிலே பரற்றின் கிற்றார் ஒலி கேட்கின்றது. அதற்கு வேண்டிய தாளத்தை மேசனால் உணர்ந்து வாசிக்க இயலாமையால் தயாரிப்பாளர் சிமித்தே அமர்ந்து வாசித்தார். மற்றைய பாடலுக்கு ஒலிப்பதிவின்போது இடப்பட்டிருந்த பெயர், 'இரண்டைத் தவிர்த்து நான் கேட்டவற்றுள் மிக அலுப்பூட்டும் பாட்டு' எனப் பொருள்படுவது. குழுவினர் தம்மைத் தாமே எள்ளிக்கொண்ட இப்பெயர் ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றது. நீங்கியவரைப் போல எழுத முயல்வது பயன்தராது என்பதை அவர்கள் பாடலை முடிக்கும் முன்னரே உணர்ந்திருந்தனர்.

வோற்றர்சின் பாடல்கள் வேறு திசையிற் செல்கின்றன. 'கோப்பரல் கிளெக்' என்பது போரிற் காலிழந்த படைவீரன் ஒருவனைப் பற்றியது. கேலி ஒலிக்கும் மெட்டு. ஊதுகுழல் விளையாட்டொலிகளுடன் முடியும் பாட்டு. ஆயினும் அதன் அடியில் உள்ளது கேலியன்று. வோற்றர்சின் தந்தையார் 1944 இல் இத்தாலியின் அன்சியோப் போர்முனையில் மாண்டவர். மகன் அப்போது கைக்குழந்தை. 1979 இன் 'த வோல்', 1983 இன் 'த பைனல் கட்' ஆகிய இசைத்தட்டுகளில் விரிவுபெறும் போர்த்துயரம் இக்குழுவின் ஆக்கங்களுள் முதன்முதலில் இடம்பெறுவது இங்குதான்.

அவரது மற்றொரு பாடலாகிய 'செற் த கொன்ற்றோல்ஸ் போர் த ஹார்ற் ஒவ் த சண்' என்பதன் சொற்கள் சில, சீனத்தின் தாங் அரசர் காலக் கவிதைகளின் ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து பெறப்பட்டவை. ஒரே சிறு சுரக்கோவை திரும்பத் திரும்ப வர, மேசன் மேளங்களைக் குச்சிகளுக்குப் பதிலாகப் பஞ்சுத்தலைக் கோல்களால் மெல்லென அறைகிறார். குரல் முணுமுணுப்பாகவே எழுகின்றது. பரற்றின் பாடல்களில் மெட்டு ஓடும். சந்தம் எதிர்பாராத இடத்தில் முறியும். இங்கோ மெட்டு ஓடுவதில்லை. ஒலியின் நிறமும் அடர்த்தியும் மெல்ல மாறுகின்றன. இவ்வுருப்படியின் பதிவு 1967 ஓகஸ்டிலே தொடங்கியது. 1968 இன் தொடக்கத்திற் கில்மோரின் வாசிப்பும் சேர்க்கப்பட்டது. ஐவரும் ஒருங்கே இடம்பெறும் உருப்படி இதுவே எனக் கருதப்படுகின்றது. புதிய வழியின் முதற்சுவடு பரற் இன்னும் குழுவில் இருந்த காலத்திலேயே, அவரும் வாசித்த உருப்படியிலேயே பதிந்துவிட்டது என்பது இதனாற் பெறப்படும். 'பரற் காலம்', 'பரற்றுக்குப் பிற்பட்ட காலம்' எனக் கோடு கிழிப்போர் இவ்வுண்மையைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

5. வரைபடத்திலிருந்து பிறந்த இசை

இசைத்தட்டுக்குப் பெயரளித்த உருப்படி ஏறத்தாழ 12 நிமிடங்கள் நீள்வது; சொற்களற்றது. 1968 வசந்தகாலத்தில், பரற் இல்லாத நிலையில் நால்வரும் ஆக்கியது. இதனை ஆக்கிய முறையே இவ்வாராய்ச்சிக்கு மிக இன்றியமையாதது. வோற்றர்சும் மேசனும் ஒரு தாளில் ஏற்ற இறக்கங்களை வரைந்து, எங்கே ஒலி பெருகும், எங்கே அடங்கும் என முதலில் அமைப்பைத் தீர்மானித்தனர். கட்டடக்கலை மாணவர் கட்டடப்படம் வரைவது போன்றிருந்தது அது எனக் கில்மோர் பின்னாளிற் கூறியுள்ளார்.

முதற்பகுதியிற் குழம்பிய மெல்லொலிகள் படிப்படியாகச் செறிவடைகின்றன. இரண்டாம் பகுதியில் மேசனின் மேள வாசிப்பு ஒலிநாடாவில் வட்டமாக இணைக்கப்பட்டு இடையறாது சுழல்கின்றது. றைற் பியானோவை அடித்து ஒலியெழுப்ப, கில்மோர் கிற்றாரை நிலத்திற் கிடத்தி ஒலிவாங்கித் தாங்கியின் உலோகக் காலைத் தந்திகளின்மீது ஓட்டுகிறார். பின்னர் ஆரவாரம் அடங்கி, ஓகனின் நீண்ட சுரங்கள் எழ, சொல்லற்ற குரல்கள் இணைந்து முடிவுறுகின்றது. குழப்பம், மோதல், அமைதி என்னும் நாடக ஒழுங்கு இதில் அமைந்துள்ளது. தயாரிப்பாளர் சிமித் இதனை மனமுவந்து ஏற்கவில்லை என்பர். மூன்று நிமிடப் பாடல்களே விற்கும் என்பது அவர் அறிந்த உலகம்.

நீண்ட வாத்திய இசை இக்குழுவுக்குப் புதிதன்று என்பதையும் கூறுதல் வேண்டும். முதலாவது இசைத்தட்டிலேயே ஏறத்தாழ 10 நிமிட நேர வாத்திய உருப்படி ஒன்று உண்டு. ஆயின் அது மனோதர்மமாக விரிந்து செல்வது. பரற்றின் கிற்றாரே அதனை வழிநடத்துவது. 1968 இன் உருப்படியோ முன்கூட்டியே திட்டமிடப்பட்டது. அதற்கு நாயகர் இல்லை. நால்வருள் எவர் தனித்து வாசிப்பதும் பெரிதாகக் கேட்கத்தக்கதன்று. சேர்ந்து எழுப்பும் ஒலியே பொருள். பாடலாசிரியரை இழந்தோர் பாடல் வேண்டாத ஒரு வடிவத்தைக் கண்டனர். பிறவியிலேயே கவித்துவம் வாய்க்கப்பெறாதோர், தாம் பயின்ற தொழிலின் வரைபட முறையைத் துணைக்கொண்டு, ஊர்கூடித் தேரிழுப்பதுபோல் ஓர் ஆக்கத்தை நகர்த்திய செய்தி இது. 1970 இன் 'அற்றம் ஹார்ற் மதர்', 1971 இன் 'எக்கோஸ்' ஆகிய நீண்ட உருப்படிகளுக்கும், அவற்றின் வழியே 1973 இன் 'த டார்க் சைட் ஒவ் த மூன்' இசைத்தட்டுக்கும் அடித்தளம் இங்கேயே இடப்பட்டது. இறுதியாகக் குறித்த இசைத்தட்டு 1973 முதல் 1988 வரை அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 741 வாரங்கள் இடம்பெற்றது.

6. இறுதிப் பாடல்

இவ்வாறு கூறி முடித்தால் இது ஒரு வெற்றிக் கதையாகிவிடும். ஆயின் இசைத்தட்டு அவ்வாறு முடியவில்லை. அதன் இறுதியில் உள்ளது 1967 அக்டோபரிற் பதிவுசெய்யப்பட்ட பரற்றின் 'ஜக்பான்ட் புளூஸ்'. தாம் இங்கே இருக்கிறாரா, இந்தப் பாடலை எழுதிக்கொண்டிருப்பவர் எவர் என்னும் ஐயங்களை மிக மரியாதையான குரலில் எழுப்பும் பாடல் அது. தம்மைச் சூழ நிகழ்வதை அவர் அறியாதிருந்தார் எனக் கொள்வோருக்கு இப்பாடல் தக்க மறுப்பு. கில்மோர் அழைக்கப்படுவதற்கு இரு மாதங்களுக்கு முன்னரே, தாம் இல்லாத ஓர் அறையிலிருந்து பேசுபவர் போல அவர் இதனைப் பாடிவிட்டார்.

பாடலின் நடுவே இரட்சணிய சேனையின் பித்தளை வாத்தியக் குழு ஒன்று இடம்பெறுகின்றது. அவர்கள் தாம் விரும்பியதை வாசிக்கட்டும் என்றார் பரற். எழுதிக் கொடுத்ததையே வாசிக்கவேண்டும் என்றார் சிமித். ஒழுங்குக்கும் ஒழுங்கின்மைக்கும் இடையிலான இப்பூசல் அப்பாடலினுள்ளேயே பதிவாகியுள்ளது. பித்தளை ஒலிகள் கலைந்து, பாட்டு முறிந்து, பின் கிற்றாருடன் பரற்றின் குரல் மட்டும் தனித்து ஒரு வினாவுடன் ஓய்கின்றது.

அக்காலத்திற் பரற் இயற்றிய வேறு இரு பாடல்களும் பதிவுசெய்யப்பட்டிருந்தன. அவை இசைத்தட்டிற் சேர்க்கப்படவில்லை. உடைந்துகொண்டிருக்கும் ஒருவர் தம்மையே நோக்கிச் சிரிக்கும் அப்பாடல்கள் 2016 இலேதான் முறையாக வெளியிடப்பட்டன. அவற்றை ஒதுக்கியது காப்பதற்காகவா, மறைப்பதற்காகவா என்பது வாதத்துக்குரியது. ஆயினும் ஒரு பாடலை மட்டும் சேர்த்து, அதனை இறுதியில் வைத்தமை தற்செயலாய் இருத்தல் அரிது. புதியோரின் இசை முழுவதையும் கேட்டு முடித்த பின்னர் கேட்போரின் செவியில் எஞ்சுவது நீங்கியவரின் குரலே. நால்வரும் வாகனத்தைத் திருப்பாது சென்றனர். ஆயின் இசைத்தட்டின் கடைசி நிமிடங்களை அவருக்கே விட்டுச்சென்றனர்.

7. பின்விளைவுகள்

இசைத்தட்டு வெளிவந்த வேளையில், 1968 யூன் 29 ஆம் நாள், இலண்டன் ஹைட் பார்க் திறந்தவெளியில் இலவச இசைநிகழ்ச்சி ஒன்றில் நால்வரும் வாசித்தனர். அதனை ஒழுங்குசெய்தோர், இவர்கள் நிலைக்கமாட்டார் எனக் கணித்துப் பிரிந்துசென்ற ஜெனரும் கிங்கும் நடத்திய நிறுவனத்தினரே. இசைத்தட்டு பிரித்தானியப் பட்டியலில் 9 ஆம் இடத்தை எய்தியது. அதன் உறையை அமைத்தோர், கேம்பிறிட்ஜ் நண்பர் வட்டத்தைச் சேர்ந்த ஸ்ரோம் தோர்கர்சனும் ஓப்றி பவலும் தொடங்கிய 'ஹிப்னோசிஸ்' குழுவினர். பிற்கால இசைத்தட்டுகள் பலவற்றின் புகழ்பெற்ற உறைகளுக்கும் இதுவே தொடக்கம்.

பரற் 1970 இல் இரு தனி இசைத்தட்டுகளை வெளியிட்டார். முதலாவதன் முடிவுறாப் பகுதிகளைக் கில்மோரும் வோற்றர்சும், இரண்டாவதைக் கில்மோரும் றைற்றும் இருந்து முடித்துக்கொடுத்தனர். விலக்கியவர்களே விலக்கப்பட்டவரின் பாடல்களை ஒப்பேற்றிக் கொடுத்த இச்செய்கையை நட்பு எனலாம். கடன்தீர்த்தல் எனவும் கூறலாம். அதன்பின் அவர் இசையுலகை விட்டு விலகினார். 1975 யூன் 5 ஆம் நாள், அவரை நினைந்து ஆக்கிய நீண்ட உருப்படி ஒன்றின் ஒலிச்சேர்க்கை அபே றோட்டில் நிகழ்ந்துகொண்டிருந்தபோது, தலையும் புருவமும் மழித்த பருத்த மனிதர் ஒருவர் அங்கு வந்து நின்றார். அவரே பரற் என்பதை உணர நண்பர்களுக்குச் சிறிது நேரம் சென்றது. 2006 யூலை 7 ஆம் நாள் கேம்பிறிட்ஜிலே அவர் காலமானார்.

1985 இல் வோற்றர்சும் விலகினார். குழுவின் பெயர் எவருக்கு உரியது என்னும் வழக்கு அப்போது எழுந்தது. தாம் இன்றிக் குழு இல்லை என்றார் வோற்றர்ஸ்; குழு தொடரும் என்றார் கில்மோர். 1968 இல் ஜெனரும் கிங்கும் எழுப்பிய அதே வினாவே வேறு உருவில் மீண்டும் எழுந்தது எனலாம். முன்னர் எஞ்சியோருள் ஒருவராய் நின்று வென்றவரே பின்னர் நீங்கியவரின் இடத்தில் நின்று வாதிட்டமை வரலாற்றின் முரண்களுள் ஒன்று. 2018 இல் மேசன் அமைத்த புதிய குழுவோ பழைய நாட்பாடல்களையே மேடையேற்றியது. அதற்கு அவர் சூட்டிய பெயர், இந்த இரண்டாவது இசைத்தட்டின் பெயரே.

முடிவுரை

இவ்விசைத்தட்டினைப் பற்றி இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. பரற்றின் மேதைமையோடு உண்மையான பிங்க் புளொயிட் முடிந்தது. எஞ்சியவை தொழிற்றிறனே என்பது ஒன்று. பரற் நீங்கியமையாலேயே குழு முதிர்ச்சியடைந்தது; அந்நீக்கம் காலத்தின் தேவை என்பது மற்றையது. இரண்டும் முடிவிலிருந்து பின்னோக்கிப் பார்ப்பவை. இரண்டும் இசைத்தட்டினைச் செவிமடுக்காது கடந்துசெல்பவை. முதலாவது கருத்து, 12 நிமிட உருப்படியிலே நால்வரும் கண்ட கூட்டாக்கத்தின் புதுமையைக் காணத் தவறுகின்றது. இரண்டாவது கருத்து, அதே தட்டின் இறுதியில் ஒலிக்கும் குரலைக் கேளாது விடுகின்றது.

இதுகாறும் கூறியவற்றால் ஒன்று தெளிவாகும். 'இடைமாறுகாலம்' எனப்படுவது தானே வந்து தானே கழிவதன்று. 1968 ஜனவரியில் ஒரு வாகனத்தில் இருந்தோர் எடுத்த முடிவு அது. அம்முடிவினால் ஓர் இசைமரபு பிறந்தது. அதே முடிவினால் 22 வயது இளைஞர் ஒருவர், ஏற்றிச் செல்ல வராத வாகனத்தை நோக்கி வீட்டிலே விடப்பட்டார். முன்னையது பின்னையதை நியாயப்படுத்தாது. பின்னையது முன்னையதைப் பொய்யாக்காது. இவ்விரண்டையும் 40 நிமிடங்களுக்கும் குறைந்த நேரத்துள் அடக்கி, எதனையும் மறையாது பதிந்து வைத்திருக்கும் சான்று என்ற வகையிலேயே அச்சிறுதட்டு வரலாற்று மாணவரின் கவனத்துக்கு உரியதாகின்றது. மாற்றத்துக்கு எழுவாயைத் தேடிக் காண்பதே வரலாற்றாசிரியரின் முதற்கடன். எழுவாயைக் கண்டபின் தீர்ப்புக் கூற விரையாதிருத்தல் அவரின் இரண்டாவது கடன்.